எட்டுக்காலியின் சட்டை

இந்த வருஷமும் மழை இறங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் படம் என் போனுக்கு வந்துவிட்டது. ஏலக்காய் உலர்த்தும் தகரத் தட்டு ஒன்று. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்களைப் பரப்பிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு எட்டுக்காலி. தூக்கினாற்போல் இருக்கும் முன்னங்கால்களின் அடிப்பக்கம் மட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். படத்துக்குக் கீழே மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: இது ஆளைக் கொல்லும் கடுவாச் சிலந்தி, மரமேறிய தொழிலாளி ஒருவர் இது கடித்து இறந்துவிட்டார், மலையோரத்தில் இருப்பவர்கள் கவனம், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். வெயில் காலம் முழுக்க எங்கேயோ படுத்துக் கிடந்துவிட்டு மழை வந்ததும் கிளம்பிவிடுகிற படம் இது. அனுப்புகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த ‘தொழிலாளி ஒருவர்’ என் அண்ணன். அந்தத் தட்டு நான் அப்போது வேலை பார்த்த ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் தட்டு. அந்த எட்டுக்காலி யாரையும் கடிக்கவில்லை, கடித்திருக்கவும் முடியாது. இதை முதலில் சொன்னவள் என் மதினி. அவளைத் தவிர வேறு யாரும் சொல்லவும் இல்லை.

மதினி பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரி. எங்களுக்கோ பூர்வீகம் தேனிப் பக்கம். தாத்தா காலத்தில் மலையேறி இடுக்கியில் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிவிட்ட குடும்பம். அண்ணன் மரமேறுகிறவன். தோட்டத்தில் வேலை குறைவாக இருக்கும் மாதங்களில் முதலமடைக்கு மாங்காய் இறக்கப் போவான். அங்கே ஒரு கொட்டகையில் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவளைத்தான் ஒரு சீசன் முடிவில் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு இறக்கி வைத்துவிட்டார்கள். எங்கள் லயத்துப் பெண்களுக்கு அவள் பேச்சுதான் பெரிய வேடிக்கை. யாரைக் கண்டாலும் ‘வாங்க, போங்க, சரிங்க’. கோழியைக்கூட ‘போங்க’ என்று சொல்லித்தான் விரட்டுவாள் என்று கிண்டல் பண்ணுவார்கள். அவளுக்குக் கோபமே வராது. அந்தப் பொறுமையை நான் அப்போது அசட்டுத்தனம் என்று நினைத்திருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் சுர்ரென்று வரும்; இப்போதும் அப்படித்தான்.

லயத்தின் கடைசியில் தண்ணீர்ப் பைப்பும் அதை ஒட்டி ஒரு கிழட்டுப் பலாமரமும் இருந்தன. மரத்தில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பொந்து. வந்த புதிதில் மதினி குடத்தை வைத்துவிட்டு அந்தப் பொந்துக்குப் பக்கத்தில் கையை ஊன்றியிருக்கிறாள். மரப்பட்டையே எழுந்து ஓடுகிற மாதிரி ஒன்று ஓடி உள்ளே போனதும், குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அண்ணன் சிரிசிரியென்று சிரித்தான். எங்களுக்கு அது பழகிய பிராணி. ஏலக்காட்டில் பொந்து விழுந்த மரம் எதுவானாலும் அதில் ஒன்று குடியிருக்கும். மேல்பக்கம் பாசி பிடித்த பட்டையின் நிறம், முதுகில் வெளிறிய ஒரு கோடு, கால் முழுக்கப் பூனைக்கு இருப்பதுபோல் ரோமம். பட்டையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. சீண்டினால்தான் முன்னங்கால்களைத் தூக்கிக் காட்டும். அப்போதுதான் அடியிலிருக்கும் அந்த மஞ்சள் பட்டை தெரியும். அதனால்தான் தமிழில் புலி என்றும் மலையாளத்தில் கடுவா என்றும் பேர். மற்றபடி அது யார் வழிக்கும் வராது. பொந்து வாயில் வெள்ளையாக வலை நெய்து, பகலெல்லாம் உள்ளேயே கிடந்து, பொழுது சாயும்போது வாசலுக்கு வந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும். கரப்பான், விட்டில் என்று எது அந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த நொடி இருக்காது.

மதினியும் பொழுது சாயும் நேரத்தில்தான் பைப்படிக்குப் போவாள். அண்ணன் காட்டிலிருந்து திரும்பும் பாதை அங்கிருந்து பார்த்தால் தெரியும். தண்ணீர் பிடிப்பது ஒரு சாக்கு. அவள் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எட்டுக்காலி பொந்து வாயில் உட்கார்ந்திருக்கும். இப்படியே நாள்பட நாள்பட பயம் போய்விட்டது. எதிர்வீட்டுப் பெண்ணாக நினைத்து அதற்கு ‘எதிரூட்டுக்காரி’ என்று பேரும் வைத்துவிட்டாள். “எதிரூட்டுக்காரி வந்துட்டா பாரு கண்ணு, இனி உங்கண்ணன் வந்துருவாரு” என்பாள் என்னிடம். இந்த இனத்தில் ஆண் எங்கே என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து அண்ணனிடம் கேட்டாள். ஆண் எட்டுக்காலி ஒல்லியாக இருக்கும், மழைக்காலத்தில் ஜோடி தேடி மரம் மரமாக அலைந்து சீக்கிரமே செத்துப்போகும், பெண்தான் ஒரே பொந்தில் வருஷக்கணக்காக இருக்கும் என்று அவன் சொன்னான். “அப்ப இங்கயும் ஊட்டக் காக்கறது பொம்பளைதானா” என்றாள்.

ஒரு நாள் காலையில் அவள் கண் கலங்க வந்து நின்றாள். எதிரூட்டுக்காரி செத்துக் கிடக்கிறாளாம். போய்ப் பார்த்தேன், பலாமரத்தடியில் எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. மதினி ஒரு குச்சியால் அதைப் புரட்டினாள், கனமே இல்லை. முன்பக்கத்து ஓடு டப்பாவின் மூடிபோல் திறந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பின்பக்கம் வற்றிய பலூன்போல் சுருங்கியிருந்தது. அன்று சாயங்காலம் பொந்து வாயில் எதிரூட்டுக்காரி, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, நிறமெல்லாம் புதிதாக உட்கார்ந்திருந்தது. பாம்பு சட்டை உரிப்பதுபோல் இதுவும் உரித்துவிட்டு, உரித்ததை வாசலில் தள்ளிவிட்டிருக்கிறது. மதினிக்கு அதைக் கண்டு அடங்காத சந்தோஷம். விட்டில்பூச்சி பிடித்துக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள், அது சீண்டவில்லை. உடம்பு முழுக்க இன்னும் பிஞ்சாக இருந்தது, கடிக்கும் பல்கூட வெள்ளையாக இருந்ததாம். பல நாள் கழித்துத்தான் பல் கறுத்தது, அதன் பிறகுதான் இரையைத் தொட்டது. “பச்சப் புள்ளைக்குப் பல்லு மொளைக்கற மாதிரி கண்ணு” என்று என்னிடம் சொன்னாள். அப்போது அண்ணன் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. மதினிக்கு உலகமே அந்தப் பல்லில்தான் இருந்தது.

ஏலத்துக்கு நிழலும் வேண்டும், நிழல் மிஞ்சவும் கூடாது. அதனால் மழைக்கு முன்னால் காட்டு மரங்களில் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். மரக் கவாத்து என்போம். இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் வெட்டுக்கத்தி செருகி, பனை உயரத்துக்கு ஏறுகிற வேலை. ஏறுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொந்து தெரிந்தால் கத்தியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டுவார்கள், கொஞ்சம் பொறுப்பார்கள். உள்ளே இருப்பது இன்னும் உள்ளே போய்விடும். பிறகு கையை வைத்து ஏறுவார்கள். அண்ணன் இதில் ரொம்பக் கறார். லயத்தில் எந்த வீட்டுக்குள்ளும் தட்டாமல் நுழைவான், மரத்தில் தட்டாமல் ஏறமாட்டான். அவனுக்கு முன்னால் மரமேறிக்கொண்டிருந்த ஒருவரை எட்டுக்காலி கடித்திருக்கிறது. கை வீங்கி, உடம்பெல்லாம் தசை பிடித்து இழுக்க, ஒரு வாரம் அலறிக்கொண்டு கிடந்தார். பிறகு எழுந்து வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டுக்காலி கடித்துச் செத்தவர் என்று எங்கள் மலையில் அதுவரை ஒருவரும் கிடையாது.

அண்ணன் விழுந்தது ஒரு அயினி மரத்திலிருந்து. மதினி அன்று பக்கத்துச் சரிவில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் அவள்தான். அவன் இடுப்பில் கயிறு கட்டியபடியே இருந்தது, ஒரு முழத்துக்குத் தொங்கி, நுனி திரித்திரியாகப் பிய்ந்து கிடந்தது. மீதிக் கயிறு மேலே கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. அது பழைய கயிறு. மாற்றித்தரச் சொல்லி ஏறுகிறவர்கள் எல்லோரும் தோட்டத்து சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கயிறு. ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினார்கள். பாதி வழியிலேயே போய்விட்டான். விழுந்ததில் செத்தான் என்று டாக்டர் சொன்னார். ஏன் விழுந்தான் என்பதை டாக்டர் எப்படிச் சொல்வார்? உடம்பு லயத்துக்குத் திரும்பி வந்தபோது இடுப்பில் கயிறு இல்லை. மரத்தில் ஆடிக்கொண்டிருந்ததும் இல்லை.

அதற்குள் இங்கே ஸ்டோர் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அண்ணனோடு வேலைக்குப் போன ஒருவர் அயினி மரத்தடியில் எட்டுக்காலி கிடந்ததைப் பார்த்து, மேலே பொந்து இருப்பதையும் பார்த்து, ‘இதுதான் கடிச்சிருக்கும், வெட்டுப்பட்டுச் செத்துக் கிடக்கு’ என்று எடுத்துவந்து தட்டில் வைத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் பட்டது. அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் சூப்பர்வைசருக்கு அது கும்பிட்ட சாமி எதிரே வந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது. கயிறு என்ற வார்த்தையே அதற்குப் பிறகு யார் வாயிலும் வரவில்லை. ஆளாளுக்குத் தட்டைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் ஒன்றுதான் இன்னும் செத்துத் தொலையாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உடம்பைக் குளிப்பாட்டும்போது மதினி அவன் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ‘துக்கத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறாள்’ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாள், துக்கம் கேட்க வந்தவர்கள் நிறைந்திருந்த எங்கள் வீட்டு முன்னறையில் அவள் எழுந்து நின்றாள். சூப்பர்வைசரும் இருந்தார். எட்டுக்காலிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மதினி அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஏனுங்க மாமா, அவரு கையில, காலுல எங்கயும் கடிச்ச தடமே இல்லீங்க. அந்தப் பூச்சி கடிச்சா ஊசி குத்துனாப்புல ரெண்டு ஓட்டை இருக்கோணுமுங்க. நானே பாத்தனுங்க. கவுறுதான் அந்துபோச்சு. இடுப்புல இருந்த கவுற நான் கையில புடிச்சேனுங்க.”

அவள் விடவில்லை. “தட்டுல வெச்சிருக்கறது செத்த பூச்சியே இல்லீங்க. அது வெறும் சட்டை. மூடி தெறந்து கெடக்குது, யாராச்சும் போய்ப் பாருங்க. சட்டை கழட்டுன பூச்சிக்குப் பல்லே கெட்டிப்பட்டிருக்காதுங்க, அது எப்படிங்க கடிக்கும்?”

பத்தடி நடந்தால் ஸ்டோர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டு, “பாவம், அதிர்ச்சியில பேசுது” என்றார். அப்பாதான் அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“ஏத்தா, நீ சொல்றது மெய்யாவே இருக்கட்டும். கயிறுன்னு சொன்னா யார் மேல போய் விடியும்? நாளைக்கே லயத்தக் காலி பண்ணுங்கன்னு சொன்னா இந்த வயசுல நான் எங்கிட்டுப் போவேன்? பூச்சின்னா விதின்னு போயிரும். ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன், வாய மூடிக்கிட்டு இரு.”

மாமனார் மருமகளிடம் இப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? மதினி அழவில்லை. “அவரு தட்டாம ஏறமாட்டாருங்க மாமா” என்றாள். “பூச்சி கடிச்சுதுன்னா, அவரு தட்டாம கைய உட்டாருன்னு ஆயிருமுங்க. அவரு மேலயே தப்புன்னு ஆயிருமுங்க.” அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம் அவர் சாகும்வரை தீரவில்லை. இப்போது யோசித்தால் அவர் நிலைமையும் புரிகிறது. ஆனால் புரிந்ததால் ஆத்திரம் தீர்ந்துவிடுமா என்ன?

நான் ஸ்டோருக்குப் போனேன். யாரும் இல்லாத நேரம். தட்டிலிருந்ததைக் குனிந்து பார்த்தேன். மூடி திறந்துதான் இருந்தது. இத்தனை பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்களே, ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும். அதை எடுத்து ஒரு காப்பித்தூள் பாட்டிலில் போட்டு முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து மதினியிடம் கொடுத்தேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், பிறகு தன் பையில் துணிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்கள் மண்ணெண்ணெயும் துணிப்பந்தமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சூப்பர்வைசர்தான் மண்ணெண்ணெய் கொடுத்தாராம். கயிறு கொடுக்க மனசு வராத ஸ்டோரிலிருந்து மண்ணெண்ணெய் மட்டும் தாராளமாக வந்தது. பொந்து பொந்தாக ஊற்றிக் கொளுத்திக்கொண்டே வந்தார்கள். அவர்களுக்கும் கோபம் இருந்தது, அண்ணன் மேல் பிரியம் இருந்தது. அதை எங்கேயாவது கொண்டுபோய் இறக்கத்தானே வேண்டும். கடைசியில் பைப்படிப் பலாமரத்துக்கு வந்தபோது மதினி இடுப்பில் குழந்தையோடு மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள். “இவ என்னங்க பண்ணுனா? இவ இந்த மரத்த உட்டு எறங்குனதே இல்லியே” என்றாள். ஒருவர் மரியாதையாகத்தான் அவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். தீ வைத்ததும் பொந்திலிருந்து முதலில் வந்தவை குஞ்சுகள். அந்த இனத்தில் குஞ்சுகள் பொரித்ததும் பிரிந்து போய்விடாது. தாயோடு ஒரே பொந்தில் கொஞ்ச காலம் ஒண்டிக்கொண்டிருக்கும். வாசலில் எரிந்துகொண்டே விழுந்தன. தாய் வெளியே வரவே இல்லை. மதினி குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே அவள் ஊருக்குக் கிளம்பினாள். நாங்கள் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மூணாறு வரைக்கும் நான் கூடப் போய் உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் புறப்படும்போது பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் திணித்தாள். “இது எம் புள்ள கண்ணுல பட வேண்டாங் கண்ணு. கவுறு அந்து உழுந்தாருன்னு மட்டும் சொல்லி வளத்திக்கறேன். அதுதான நெசம். ஆனா நீ இதத் தூக்கிப் போட்டுராத. என்னைக்காச்சும் யாராச்சும் கேட்டா காட்டோணும்.”

யாரும் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். லயத்தைக் கடைசியில் காலிதான் செய்தோம். நான் இப்போது மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறைகள் பார்த்துக்கொள்கிறேன். சுவரில் சாதாரண எட்டுக்காலியைக் கண்டாலே விருந்தாளிகள் அலறுகிறார்கள், பையன்கள் மருந்தடிக்க ஓடுகிறார்கள். இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கொழிஞ்சாம்பாறைக்குப் போய்வருவேன். மதினி மில்லில் வேலை பார்த்து மகளைப் படிக்கவைத்தாள். நாங்கள் அண்ணனைப் பற்றிப் பேசுவோம், மாங்காய் சீசனைப் பற்றிப் பேசுவோம், எட்டுக்காலியைப் பற்றிப் பேசமாட்டோம். போன வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கவனிக்காமல் விட்டு, கவனித்தபோது நேரம் கடந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சில்லை. கடைசி மூச்சுவரை என் கையை மட்டும் விடவில்லை.

இந்த வருஷம் படத்தை அனுப்பியது அவள் மகள். நர்சிங் படிக்கிற பெண். ‘அத்தை, இது உங்க மலைப்பக்கம் இருக்குதாமா, ரூம் கூட்டறப்ப பாத்துக் கூட்டுங்க’ என்று எழுதியிருந்தாள். அன்று மதினி கழுத்தோடு அழுத்தி மறைத்த முகத்துக்கு, இத்தனை மழைக்காலம் கழித்து, எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்தப் படம் வந்துசேர்ந்துவிட்டது. மற்றவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. இவளுக்கு எழுதினேன்: ‘அது யாரையும் கடிக்கல கண்ணு. அது பூச்சியே இல்ல, பூச்சி கழட்டிப் போட்ட சட்டை. படத்தப் பெருசு பண்ணிப் பாரு, மூடி தெறந்திருக்கும்.’

பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். படத்தை எடுத்த நாளிலிருந்து இதுவரை அப்படிப் பார்த்தது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பிறகு பதில் வந்தது.

‘ஆமாங்க அத்தை, காலிக் கூடுதான். அப்ப செத்துப்போனது யாருங்க? எப்படிச் செத்தாங்க?’

இதைப் போனில் எப்படி எழுதுவது? விடுப்புச் சொல்லிவிட்டேன், காலையில் முதல் பஸ். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பாட்டிலை எடுத்துத் துடைத்தேன். ரோமம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. அந்த மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது. பையில் துணிகளை அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே அதை வைத்தேன். ஒரு எடையும் இல்லை. ஆனாலும் அவளிடம் போய்ச் சேரும்வரை நசுங்காமல் இருக்க வேண்டும்.